குதி உயர்ந்த சப்பாத்தும் முதிரைப் பலகையும்: ஸ்குவாட் ஆழத்துக்காக நான் நீண்ட நாள் பாவித்தவை

பாரைத் தோளில் வைத்துக் குந்தி எழும்பும் ஸ்குவாட்டில் பாதிவரைதான் இறங்க முடிகிறது. அதற்குக் கீழே போனால் குதிக்கால் எழும்புகிறது, அல்லது நெஞ்சு முன்னால் சரிகிறது. இந்தப் பிரச்சினையோடு எங்கள் ஜிம்முக்கு வரும் பெடியன்கள் கடைசியில் கேட்பது ஒன்றைத்தான்: “அண்ணா, லிஃப்டிங் சப்பாத்து வாங்கினால் சரிவருமோ?” குதி உயர்ந்த அந்தச் சப்பாத்தை இரண்டு வருடத்துக்கு மேலாக நான் பாவிக்கிறேன். அதற்கு முன்பு ஒரு மரப்பலகையில் ஏறி நின்று செய்தேன். சிலருக்கு அந்தச் சப்பாத்து முதல் நாளே வித்தியாசம் காட்டும், சிலருக்குக் காசுதான் போகும். நீங்கள் எந்தப் பக்கம் என்பதைச் செலவில்லாமலே பார்த்துக்கொள்ளலாம்.

வெறுங்காலோடு சுவரைப் பார்த்து நில்லுங்கள். பெருவிரலுக்கும் சுவருக்கும் நடுவே 10 சென்ரிமீற்றர் இருக்கட்டும். குதி நிலத்தை விடாமல் முழங்காலால் சுவரைத் தொட முடிந்தால் கணுக்கால் பெரும்பாலும் போதுமானது. எனக்கு வலது கால் தொட்டது. பள்ளிக்கூட நாளில் உதைபந்தாட்டத்தில் சுளுக்கிய இடது கால் கிட்டவும் போகவில்லை.

அடுத்து, 5 கிலோ பிளேட் ஒன்றை இரண்டு கையாலும் முன்னால் நீட்டிப் பிடித்துக்கொண்டு குந்திப் பாருங்கள். அப்போது சுகமாக அடிவரை போகிறீர்கள் என்றால் மூட்டில் இடம் இருக்கிறது, சமநிலையும் வயிற்றை இறுக்கிப் பிடிக்கும் பழக்கமும்தான் குறை. எங்கள் பெடியன்களில் பலர் இந்த வகை. இவர்களுக்கு நான் சொல்வது கொப்லட் ஸ்குவாட். அமெரிக்கப் பயிற்சியாளர் டான் ஜோன் பரவலாக்கிய முறை அது. டம்பெல்லை நிமிர்த்தி நெஞ்சோடு பிடித்து, முழங்கைகள் முழங்கால்களுக்கு உள்பக்கம் வரும்வரை இறங்க வேண்டும். சப்பாத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

பிளேட்டைப் பிடித்தும் இறங்க முடியாமல், குதிக்கு அடியில் சின்ன பிளேட்டுகளை வைத்தவுடன் இறங்க முடிந்தால், தடை கணுக்காலில். நான் இந்த வகை. பாரின் பாரம் பாதத்தின் நடுவுக்கு மேலே இருக்க வேண்டும். கணுக்கால் மடங்காவிட்டால் முழங்கால் முன்னே போகாது, இடுப்பு பின்னே தள்ளும், விழாமல் இருக்க முதுகு குனியும். “முழங்கால் பெருவிரலைத் தாண்டக் கூடாது” என்று இங்கே இன்னும் சொல்லிக்கொடுக்கிறார்கள். 2003இல் அன்ட்ரூ ஃபிரையும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தி, முழங்கால் முன்னே போகாமல் தடுத்து அளந்தார்கள். முழங்காலில் விழுந்த திருப்புவிசை (மூட்டைத் திருப்பப் பார்க்கும் விசை, torque) ஏறக்குறைய 150 நியூட்டன் மீற்றரிலிருந்து 117 ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28இலிருந்து 303 ஆக ஏறியது. அந்த அறிவுரையால் சுமை இடுப்புக்கு இடம் மாறுகிறது என்பதைப் பயிற்சி கொடுப்பவர்கள் தயவுசெய்து யோசிக்க வேண்டும்.

இனி பலகை. மரக்காலையில் முதிரை மரத் துண்டு வாங்கி, பின்பக்கம் 2 சென்ரிமீற்றர் உயரம் வரும்படி சரிவாகச் சீவி எடுத்தேன். சீமெந்துத் தரையில் வழுக்காமல் இருக்க அடியில் பழைய சைக்கிள் டயரை வெட்டி ஆணி அடித்தேன். முதிரை அமுங்காது, பாரத்தில் வெடிக்காது. கொப்லட் ஸ்குவாட்டுக்கு இன்றைக்கும் அது அருமை. ஆனால் பாரைத் தோளில் ஏற்றிப் பின்னால் வந்து, கண்ணுக்குத் தெரியாத பலகையில் காலால் தடவி ஏறுவது ஆபத்தான வேலை. பாரம் கூடத் தொடங்கியதும் அந்தப் பாவனையை நிறுத்தினேன். அதன்பிறகுதான் கட்டாரிலிருந்து மச்சான் சப்பாத்தைக் கொண்டுவந்தார்.

அதன் குதி 20 மில்லிமீற்றர் உயரம், கல்லுப்போலக் கெட்டி. ஓடுகிற சப்பாத்தில் பாரத்தோடு இறங்கும்போது ஸ்பொஞ்ச் ஒருபக்கம் அமுங்கிக் கணுக்கால் ஆடும். இதில் அந்த ஆட்டமே இல்லை. நெஞ்சு நிமிர்ந்து நிற்பதை முதல் செட்டிலேயே உணரலாம். குறை என்றால் எங்கள் ஊர்க் காற்றுத்தான். உட்துறைமுகப் பக்கம் இரும்பு எப்படிக் கறள் பிடிக்கும் என்று திருகோணமலைக்காரருக்குச் சொல்லத் தேவையில்லை. கார்த்திகை, மார்கழி மழையில் உட்துணி காயாமல் பூஞ்சணம் பிடித்தது. ஒரு வருடத்துக்குள் நுனியில் கம் விட்டது. சப்பாத்துத் தைப்பவரிடம் கொடுத்துச் சுற்றிவரத் தைத்தபிறகு இன்றுவரை பிரச்சினை இல்லை. ஒவ்வொரு நாளும் உள்ளே பத்திரிகைத் தாளைத் திணித்து நிழலில் வைக்கிறேன். வெயிலில் போட்டால் கம் இன்னும் கெதியாக இளகும்.

சப்பாத்து கணுக்காலுக்கு இடம் கொடுத்தது. அடியில் நிலைத்து நிற்கும் பலத்தை, நிறுத்திச் செய்யும் போஸ் (pause) ஸ்குவாட்தான் கொடுத்தது. வழக்கமான பாரத்தில் 60 வீதம் போட்டு, அடியில் 3 வினாடி வயிற்றை இறுக்கியபடி இருந்துவிட்டு எழும்புவது. கூடவே முழங்காலை மடித்தபடி கெண்டைக்காலை நீட்டும் பயிற்சி. மடித்துச் செய்வதற்குக் காரணம் உண்டு: ஆழக் குந்தும்போது தடுப்பது பெரும்பாலும் கெண்டைக்காலில் உள்ளே இருக்கும் சோலியஸ் தசை. அது முழங்காலைத் தாண்டுவதில்லை, ஆகவே காலை நேராக நீட்டினால் வெளித்தசைதான் முதலில் இழுபடும். இடது முழங்கால் இப்போது சுவரைத் தொடுகிறது. வலதின் சுகம் அதற்கு இன்னும் வரவில்லை.

என்னோடு பயிற்சி செய்யும் அண்ணா நல்ல உயரம், தொடையெலும்பு நீளம். அவருக்கு என் சப்பாத்தும் உதவவில்லை. காலை அகட்டி, பாதத்தை வெளியே திருப்பி நின்ற அன்றே இறங்கிவிட்டார். இடுப்பு மூட்டின் அமைப்பு ஆளுக்கு ஆள் வேறு. அடியில் இடுப்பு உள்ளே சுருண்டு முதுகு வளைந்தால், அதற்குச் சற்று மேலேயே நின்றுகொள்ளுங்கள்.

ஆழத்தை நாங்கள் பவர்லிஃப்டிங் (பாரம் தூக்கும் போட்டி) விதியால் பார்க்கிறோம்: இடுப்பு மூட்டில் தொடையின் மேற்பகுதி முழங்காலின் உச்சிக்குக் கீழே போக வேண்டும். போனைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில் வைத்து எடுங்கள், மேலிருந்து எடுத்த வீடியோ ஏமாற்றும். என் செட்டுகளில் அண்ணா பக்கத்தில் குந்தியிருந்து, “இன்னும் ரெண்டு விரல் இறங்கோணும் தம்பி” என்று சொல்வது எந்த வீடியோவையும் விடப் பிரயோசனம்.

பாரை நிலத்திலிருந்து தூக்கும் டெட்லிஃப்டுக்கு நான் இந்தச் சப்பாத்தைப் போடுவதில்லை, குதி உயர்ந்தால் பாரத்தைத் தூக்கும் தூரம் கூடுகிறது. வார்ம்-அப் செட்டுகளும் வெறுங்காலில்தான், இல்லாவிட்டால் கணுக்கால் பழையபடி இறுகுகிறது. வாங்குவதாக இருந்தால் பின்னேரத்தில், நீங்கள் வழக்கமாகப் போடும் காலுறையோடு அளவு பாருங்கள். குதி உள்ளே கொஞ்சமும் அசையக் கூடாது, விரல்கள் மட்டும் விரிய இடம் இருக்க வேண்டும்.