வண்ணக் கரடியா, பயிற்சித் தாளா, ஆச்சியின் சுளகா?

மகளுக்கு நாலு வயசு. பொருள்களை இனம் பிரிக்கப் பழக்க எங்கள் வீட்டில் மூன்று வழிகளைப் பார்த்தாயிற்று: கடையில் வாங்கிய பிளாஸ்டிக் கரடி செட், பள்ளியில் கொடுத்த பயிற்சித் தாள், அவள் ஆச்சியின் சுளகு (முறம்). என் ஓட்டு சுளகுக்குத்தான்.

கரடி செட்டில் ஆறு நிறத்தில் கரடிகள், அதே நிறங்களில் கிண்ணங்கள். சிவப்பு சிவப்புக்குள், நீலம் நீலத்துக்குள். தொடக்கத்துக்கு நல்லதுதான். நிறத்தைத் தவிர மற்றதெல்லாம் ஒன்றுபோல் இருப்பதால் கவனம் சிதறாது. மாண்டிசோரி கல்விமுறையில் வரும் இளஞ்சிவப்புக் கோபுரத்தின் சூட்சுமமும் இதுவே. 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை 10 கட்டைகள், எல்லாம் ஒரே நிறம், அளவு மட்டும் மாறும். ஆனால் கரடி செட்டில், எதை வைத்துப் பிரிப்பது என்பதைக் கிண்ணமே தீர்மானித்துவிடுகிறது. பத்து நாளில் அவளுக்கு அலுத்துவிட்டது.

உண்மையில் குழந்தைகள் திணறுவது, பிரித்த விதத்தை மாற்றும்போதுதான். உளவியலாளர் பிலிப் செலாசோவும் சக ஆய்வாளர்களும் 1990களில் செய்த சோதனையில், சீட்டுகளை முதலில் நிறப்படி பிரிக்கச் சொல்லி, பிறகு உருவப்படி பிரிக்கச் சொன்னார்கள். மூன்று வயதுப் பிள்ளைகளில் பலர், புது விதியைக் கேட்டால் சரியாகச் சொன்னார்கள். கை மட்டும் பழையபடி நிறத்தையே பார்த்தது. ஐந்து வயதில் பெரும்பாலும் மாற்றிக்கொள்ள முடிகிறது. இந்த மாற்றத்துக்குக் கரடி செட்டில் வேலையே இல்லை.

பயிற்சித் தாள் விஷயத்தில் எனக்கு வருத்தமே உண்டு. மாம்பழம், வாழைப்பழம், ஆப்பிள், தக்காளி, 'பொருந்தாததை வட்டமிடு'. இவள் வாழைப்பழத்தை வட்டமிட்டாள். ஏன் என்றேன். "இதுதாம்மா நீளம், மத்ததெல்லாம் உருண்டை" என்றாள். தாளில் சிவப்பு மையில் பெருக்கல் குறி. காரணத்தை யாரும் கேட்கவில்லை. எதை வைத்துப் பிரிப்பது என்பது பெரியவர்களே யோசித்த கேள்வி. வெளியே வைரம் பாய்ந்தது (கெட்டிப்பட்டது) புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்கிறது தொல்காப்பியம். அந்தக் கணக்கில் தென்னையும் பனையும் புல். இன்றைய தாவரவியலும் அவற்றைப் புல்லோடு சேர்த்து ஒருவித்திலைத் தாவரங்களில்தான் வைக்கிறது. இவ்வளவு பெரிய விஷயத்துக்கு நாலு படமும் ஒரே விடையும் போதாது.

இனி சுளகு. இட்லிக்கு நனைக்கும் நாளில் என் அம்மா, அதாவது இவள் ஆச்சி, அதில் கைப்பிடி கைப்பிடியாகத் தொலி உளுந்து, வெள்ளை உளுந்து, பாசிப்பயறு, கொண்டைக்கடலை, கறுப்பு எள் எல்லாம் கொட்டிக் கலந்து, "பிரிச்சுக் குடுட்டி" என்று மட்டும் சொன்னாள். எப்படி என்று சொல்லவில்லை. இவள் நிறத்தைப் பிடித்துக்கொண்டாள். தொலி உளுந்தும் எள்ளும் ஒரு குவியல், வெள்ளை உளுந்து தனி. அம்மா திருத்தவில்லை. தொலி உளுந்தில் கொஞ்சம் எடுத்துக் கிண்ணத்துத் தண்ணீரில் போட்டாள். நாலு மணி நேரம் கழித்துக் கூப்பிட்டு, "இப்பம் கசக்கிப் பாரு" என்றாள். கறுப்புத் தொலி மிதந்து வந்தது. விரலிடுக்கில் வெள்ளைப் பருப்பு. இவள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு சுளகில் கிடந்த தொலி உளுந்தை எள்ளிலிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி வெள்ளை உளுந்தோடு சேர்த்தாள். "ஆச்சி, இது சட்டை போட்ட உளுந்து!"

நிறத்தை விட்டுவிட்டு இனத்தைப் பிடிக்க அவளே வழி கண்டாள். கரடியை எத்தனை முறை ஊறவைத்தாலும் இது நடக்காது.

சுளகிலும் சிக்கல் உண்டு. பக்கத்தில் ஆள் உட்கார வேண்டும், நேரம் பிடிக்கும், பாதி தரையில் சிந்தும். மூன்று வயதுக்குக் கீழே பயறு கொடுக்கவே கூடாது, மூக்கிலும் தொண்டையிலும் போய்விடும். அந்த வயதுக்குக் கரண்டி, டம்ளர், துவைத்த துணி போதும். யாருடைய சட்டை, எது துண்டு என்று பிரிக்கலாம். அழகாக இருக்கிறதென்று குன்றிமணியை மட்டும் எந்த வயதிலும் கையில் கொடுக்காதீர்கள், அது கடும் விஷம்.

கரடி செட்டைத் தூக்கிப் போடவில்லை. கிண்ணங்களைச் சுளகுப் பக்கம் வைத்திருக்கிறோம். நேற்று ஒன்றில் வெந்தயம் கிடந்தது, இன்னொன்றில் சீரகமும் சோம்பும் சேர்ந்து கிடந்தன. "ரெண்டுக்கும் கோடு இருக்கும்மா" என்றாள்.