மளிகைக்கடையில் கணினி பில்: வாங்கலாமா, வேண்டாமா?

மதுரைக்கு அருகே சித்தப்பா நடத்தும் மளிகைக்கடையில், கால்குலேட்டரும் சிட்டை நோட்டும் இருந்த இடத்துக்கு வீட்டிலிருந்த பழைய கணினி, பில்லிங் மென்பொருள், பார்கோடு ஸ்கேனர், மூன்று அங்குல தெர்மல் பிரிண்டர் ஆகியவை வந்து ஓராண்டுக்கு மேலாகிறது. வாங்கும்போது டீலர் அடுக்கிய காரணங்கள் வேறு, இன்று அது பயன்படும் காரணங்கள் வேறு. மென்பொருளின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இந்த விலைக்குக் கிடைப்பவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வேலையைத்தான் செய்கின்றன.

கணினி பில் இல்லாவிட்டால் சிக்கல் என்ற ஜி.எஸ்.டி. அச்சத்தை முதலில் பார்த்துவிடலாம், ஏனெனில் இந்த மென்பொருள்களில் பாதி அதன் பேரில்தான் விற்கப்படுகின்றன. ஆண்டு விற்பனை 5 கோடி ரூபாயைத் தாண்டிய நிறுவனங்கள் பதிவு பெற்ற இன்னொரு வணிகருக்கு விற்கும்போதுதான் இ-இன்வாய்ஸ், அதாவது அரசு இணையதளத்தில் பதிந்து எண் பெறும் பில், எடுக்க வேண்டும். 2023 ஆகஸ்டு 1 முதல் இதுவே வரம்பு. வீட்டுச் சாமான் வாங்க வருபவருக்கு அது பொருந்தாது. கடை ஒன்றரைக் கோடிக்குள் விற்று, சிறு வணிகருக்கான எளிய வரி முறையான காம்போசிஷனில் பதிந்திருந்தால், வரிக்குட்பட்ட விற்பனையில் 1 சதவீதத்தைக் கடைக்காரர் தம் கையிலிருந்து கட்ட வேண்டியதுதான். பில்லில் வரியைத் தனியாகக் காட்டி வசூலிக்கவே கூடாது. எனவே இ-இன்வாய்ஸ் வசதியுள்ள உயர்ந்த பதிப்பைத் தலையில் கட்டப் பார்த்த டீலரிடம், அடிப்படைப் பதிப்பே போதும் என்று சித்தப்பா சொல்லிவிட்டார். எங்கள் கடை காம்போசிஷனில் இல்லை என்பதால், விற்பனையை வரி விகிதவாரியாகப் பிரித்து ஆடிட்டருக்குக் கொடுக்கும் வேலை மட்டும் உண்மையில் மிச்சமாகிறது. 2025 செப்டம்பர் 22 அன்று பிஸ்கட், குளியல் சோப்பு, பற்பசை போன்றவை 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதத்துக்கு இறங்கியபோது, ஹெச்.எஸ்.என். எனும் சரக்கு வகை எண்வாரியாக விகிதத்தை மாற்றி அன்று காலையே பில் போடத் தொடங்க முடிந்தது.

ஆனால் விலை விஷயம் அவ்வளவு எளிதாக இல்லை. பலரும் நினைப்பதுபோல் பார்கோடுக்குள் விலை கிடையாது. பெரும்பாலும் 890 என்று தொடங்கும் அந்த 13 இலக்க எண், பொருள் இன்னதென்று மட்டுமே சொல்லும்; விலையை மென்பொருள் தன் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்கிறது. ஒரே ஷாம்பு பழைய எம்.ஆர்.பி.யிலும் புதிய எம்.ஆர்.பி.யிலும் அலமாரியில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது ஸ்கேனருக்கு இரண்டும் ஒன்றே. ஒழுங்கான மென்பொருள் அந்த இடத்தில் நின்று, இரண்டு விலைகளையும் திரையில் காட்டி, எது என்று கேட்கும். சில மென்பொருள்களோ கடைசியாகப் பதிந்த விலையைப் போட்டுவிட்டு அடுத்த பொருளுக்குப் போய்விடும். டெமோ காட்ட வருபவரிடம் வண்ண வண்ண அறிக்கைகளைப் பார்ப்பதற்கு முன் இதைச் செய்து காட்டச் சொல்லுங்கள்.

அடுத்தது உதிரிச் சரக்கு. மளிகைக்கடையின் பாதி வியாபாரம் சாக்கில் இருக்கிறது, சாக்குக்குப் பார்கோடு இல்லை. துவரம் பருப்புக்கு 11, உளுந்துக்கு 12 என்று எண் கொடுத்து, பொட்டலம் கட்டுபவர் எடையைக் குரல் கொடுக்க, கல்லாவில் இருப்பவர் எண்ணையும் எடையையும் தட்டிக்கொள்கிறார். எடை போட்டவுடனே பார்கோடு லேபிள் அச்சிட்டுத் தரும் தராசுகள் உண்டு. நல்ல கருவிதான் என்றாலும், ஒரே ஆள் எடை போடும் கடைக்கு அந்த விலை கட்டுபடியாகாது. நாலைந்து பொருளோடு முடியும் வியாபாரத்தில் சித்தப்பாவின் மனக்கணக்கை இந்த அமைப்பு இன்னும் ஜெயிக்கவில்லை. மாதத்தின் முதல் வாரத்தில், நாற்பது ஐம்பது அயிட்டம் கொண்ட லிஸ்ட்டுகள் வரிசை கட்டும்போதுதான் அதன் வேகம் தெரிகிறது.

இவ்வளவும் கல்லாவில் நடப்பது. பணம் போட்டது வீணா இல்லையா என்பதைத் தீர்மானிப்பது கொள்முதல் பதிவு. கம்பெனி ஆள் சரக்கு இறக்கிவிட்டுப் போனதும், அவருடைய பில்லில் உள்ள ஒவ்வொரு வரியையும், எம்.ஆர்.பி., அடக்க விலை, காலாவதித் தேதி ஆகியவற்றோடு யாராவது உட்கார்ந்து ஏற்ற வேண்டும். பத்துக்கு ஒன்று இலவசம் என்று ஸ்கீம் இருந்தால், பதினொரு பாக்கெட்டை இருப்பில் சேர்க்க வேண்டும்; பத்து என்று பதிந்தால், பதினொன்றாவது விற்கும்போது இருப்பு மைனஸில் போகும், அடக்க விலையும் தப்பாகும். எங்கள் கடையில் வியாபாரம் மந்தமான பிற்பகலில் சித்தி இதைச் செய்கிறார். அதனால்தான் எந்தப் பிஸ்கட் ஒரு மாதமாக நகரவில்லை, எது காலாவதிக்கு முன் கம்பெனிக்குத் திரும்பிப் போக வேண்டும் என்பதெல்லாம் தெரிகிறது. லாபம் என்று நான் கண்டது பெரும்பாலும் இதில்தான். சித்தியின் உழைப்பு டீலரின் கொட்டேஷனில் இல்லை. அந்த வேலைக்கு ஆள் இல்லாத கடைக்கு இந்த மென்பொருள் விலை கூடிய கால்குலேட்டர்தான். வாங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

கடன் கணக்கு ஒரு தனிக்கதை. பில்லின் அடியில் பழைய பாக்கி அச்சாகி வருவதைப் பின்னால் நிற்பவர் பார்த்துவிடுவாரோ என்று சிலர் கூசினார்கள். அந்த வரியை நீக்கச் சொல்லிவிட்டோம். கடன் நோட்டு இன்றும் மேஜை டிராயரில் இருக்கிறது, இருக்கட்டும்.

தெர்மல் பிரிண்டர் பற்றிக் குறையில்லை. மை மாற்றும் தொல்லை கிடையாது, ஆனால் எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால் உத்தரவாதம் உள்ள மிக்சி, குக்கர் விற்பவர்களுக்கு அது ஒத்துவராது. தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் யு.பி.ஐ. பெட்டியின் மாத வாடகையைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம். கூட்ட நேரத்தில் ஒவ்வொருவருடைய செல்போன் திரையையும் எட்டிப் பார்க்கும் வேலை ஒழிகிறது. தவிர, உத்தேச வருமான முறையில் (விற்பனையில் இத்தனை சதவீதம் லாபம் என்று வைத்து) வருமான வரி கட்டுபவர்களுக்கு, ரொக்க விற்பனையில் 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டிய இடத்தில் வங்கி வழி வந்த தொகைக்கு 6 சதவீதம் போதும்.

இப்போது டீலர் கணினியையே மாற்றச் சொல்கிறார். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் நின்றது உண்மை. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 எனும் பாதுகாப்புச் சில்லு வசதி எங்கள் பழைய கணினியில் இல்லை என்பதும் உண்மை. ஆயினும் எங்கள் மென்பொருள் இணையம் இல்லாமலே ஓடுகிறது, ஜி.எஸ்.டி. தாக்கல் ஆடிட்டர் அலுவலகத்தில் நடக்கிறது, வங்கி வேலை அந்தக் கணினியில் நடப்பதே இல்லை. ஆகவே இணைய இணைப்பைக் கழற்றிவிட்டு, பேக்கப்புக்கென்று வேறெங்கும் செருகாத ஒரு பென் டிரைவை ஒதுக்கியிருக்கிறோம். பில் போடும் கணினியிலேயே வங்கிக் கணக்கையும் திறப்பவர்கள் மாற்றத்தைத் தள்ளிப்போடக் கூடாது. எங்கள் கடையில் அடுத்த செலவு யு.பி.எஸ். பேட்டரிக்குத்தான், மின்சாரம் போனால் பாதி போட்ட பில் அழிந்துவிடுகிறது.