செம்பு நிறத்துக்கு மாலை வெயிலா, மேக வெளிச்சமா?

செம்பு நிறம் புகைப்படத்தில் வர வேண்டும் என்றால் மாலை வெயிலுக்குக் காத்திரு என்பதுதான் எல்லோரும் சொல்லும் யோசனை. அந்த நேரத்தில் எதை எடுத்தாலும் தகதகவென்று இருக்கும், அதில் சந்தேகமே இல்லை. ஆனாலும் நான் மெல்லிய மேகம் போட்ட வெளிச்சத்தின் பக்கம் போய்விட்டேன், பட்டாம்பூச்சிக்கும் வீட்டுச் சாமான்களுக்கும். நிலக்காட்சிக்கு மட்டும் கதை வேறு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரிந்த விஷயங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். மாலை வெயில் சீக்கிரம் போய்விடும், மேகம் நாள் முழுக்கக்கூட இருக்கும். மேகத்தில் வெளிச்சம் குறைவு, ஐஎஸ்ஓவை (கேமராவின் வெளிச்ச உணர்திறனை) ஏற்ற வேண்டும், நிழலும் அழுத்தமாக விழாது. இதையெல்லாம் வைத்து நான் முடிவெடுக்கவில்லை.

முடிவெடுக்க வைத்தது சிவப்பு சேனல். படத்தின் ஒவ்வொரு நிறமும் சிவப்பு, பச்சை, நீலம் என்ற மூன்று சேனல்களில், 0 முதல் 255 வரை எண்களாகப் பதிவாகும். செம்பு நிறத்துக்குப் பொதுவாகக் காட்டப்படும் எண்களைப் பாருங்கள்: சிவப்பு 184, பச்சை 115, நீலம் 51. சிவப்பு ஏற்கெனவே மற்ற இரண்டையும் விட்டுத் தூரமாக மேலே நிற்கிறது. இதன் மேல் மாலை வெயிலும் விழுந்தால் முதலில் 255-ல் போய் முட்டுவது சிவப்புதான். அது அங்கேயே நின்றுவிட, பச்சை மட்டும் ஏறிக்கொண்டே போகும், சிவப்பும் பச்சையும் நெருங்க நெருங்க செம்பு மஞ்சளாகிவிடும். வெந்த ஆரஞ்சு மாதிரி, உள்ளே ஒரு விவரமும் இல்லாத ஒரு திட்டு. கேமராவில் சாதாரணமாகத் தெரியும் ஹிஸ்டோகிராம் (படத்தின் பிரகாசம் எப்படிப் பரவியிருக்கிறது என்று காட்டும் வரைபடம்) இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் அந்தப் பிரகாசக் கணக்கில் பச்சைக்குத்தான் எடை அதிகம். மூன்று சேனலையும் தனித்தனியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் போட்டுப் பார்த்தால்தான் சிவப்பு 255-ல் முட்டி நிற்பது தெரியும். மேக வெளிச்சத்தில் இந்தத் தொல்லை குறைவு, செம்பின் இருட்டான பகுதியும் பளபளப்பான பகுதியும் ஒரே எக்ஸ்போஷருக்குள் (கேமராவுக்குள் விடும் ஒரே வெளிச்ச அளவுக்குள்) அடங்கிவிடுகின்றன.

ஒயிட் பேலன்ஸிலும், அதாவது வெளிச்சத்தின் நிறத்துக்கு ஏற்பக் கேமராவைச் சரிசெய்வதிலும், இதே கதைதான். மேகத்தின் கீழ் 6000-6500 கெல்வினில் நிறுத்தினால் போதும், அல்லது கிரே கார்டு (நடுநிலைச் சாம்பல் நிற அட்டை) காட்டி அளந்துவிடலாம், வருவது பொருளின் சொந்த நிறம். மாலை வெயிலில் கிரே கார்டு காட்டினால் மாலையே காணாமல் போய்விடும், ஆட்டோவில் விட்டாலோ ஒரு படத்தில் ஒரு நிறம், அடுத்ததில் வேறு நிறம். அப்புறம் இன்னொன்று, அந்த வெயிலில் மரம், சுவர், புல், தோல் எல்லாமே செம்பாகிவிடுவதால் உண்மையான செம்பு தனியாகத் தெரிவதில்லை. பக்கத்தில் கொஞ்சம் சாம்பலோ பச்சையோ நீலமோ இருந்தால்தான் அது எடுத்துக் காட்டும்.

வீட்டுச் சாமானில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம். பிளாஸ்டிக்கில் விழும் பளபளப்பு விளக்கின் நிறத்தில் இருக்கும், உலோகத்தில் அப்படியில்லை, பளபளப்புக்கே உலோகத்தின் நிறம் ஏறும். ஒரு செம்புப் பாத்திரத்தை நேர் வெயிலில் வையுங்கள், விளிம்பில் ஊசிமுனை அளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி எரியும், மற்றதெல்லாம் பழுப்பாக இருண்டுவிடும். மேகத்தின் கீழ் வைத்தால் அந்தப் புள்ளி அகலமாக விரிந்து, தோள்பகுதி முழுக்க இளஞ்சிவப்பிலிருந்து பழுப்பு வரை படிப்படியாக இறங்கும், தட்டியெடுத்த சுத்தியல் தழும்புகள்கூட ஒவ்வொன்றாகத் தெரியும். போலரைசர் (பிரதிபலிப்பைக் குறைக்கும் லென்ஸ் ஃபில்டர்) போட்டு அந்த வெள்ளையைக் குறைக்கலாமே என்பார்கள். இலையிலும் தண்ணீரிலும் அது நன்றாக வேலை செய்யும், பூச்சு இல்லாத உலோகத்தில் பெரிதாக ஒன்றும் ஆகாது. மேகம் என்றதும் நிழல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். நீல வானத்தின் கீழ் நிழலில் வைத்தால் பாத்திரம் வானத்தைப் பிரதிபலித்து மங்கிப்போகும், பக்கத்தில் ஒரு வெள்ளை அட்டை நிறுத்த வேண்டிவரும்.

பட்டாம்பூச்சியில் என் கட்சிக்கு ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கவில்லை. காப்பர் என்றே அழைக்கப்படும் லைசீனா இனங்களை எடுத்துக்கொள்வோம், உதாரணத்துக்கு லைசீனா ஃப்ளியாஸ். இறகை விரித்தால் மொத்தமே 3 சென்டிமீட்டர் சுமார்தான், முன்னிறகு கரும்புள்ளி போட்ட பளபளப்பான செம்பு, பின்னிறகு கருமை, ஓரத்தில் மட்டும் ஒரு ஆரஞ்சுப் பட்டை. உடம்பு சூடாக அதற்கு வெயில் வேண்டும். வானம் முழுக்க மூடிக்கொண்டால் பெரும்பாலும் இறகை மடித்து உட்கார்ந்துவிடும், அப்போது நமக்குக் கிடைப்பது சாம்பல் படிந்த பின்பக்கம்தான். அதனால் சூரியன் மேகத்துக்குள் போய்ப்போய் வரும் நாள்தான் தோது. அது கிடைக்காவிட்டால் மடிக்கும் டிஃப்யூசர் (வெளிச்சத்தை மென்மையாக்கும் திரை) ஒன்றைக் கையில் பிடிக்கலாம், ஆனால் அதன் நிழல் திடீரென்று மேலே விழுந்தால் பறந்துவிடும், பக்கவாட்டிலிருந்து மெதுவாகக் கொண்டுவர வேண்டும். இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் மாலை வெயிலே பரவாயில்லை.

சரி, நிலக்காட்சி. நான் அதிகம் எடுப்பதில்லை, அதனால் இதைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தே படியுங்கள். காய்ந்த புல்வெளி, செம்மண், பாறை இவற்றுக்கெல்லாம் பக்கவாட்டில் விழும் தாழ்ந்த வெயில்தான், மேகத்தில் எல்லாம் தட்டையாகிவிடுகிறது. விதிவிலக்கு என்றால் மழை விட்டதும் நனைந்து கிடக்கும் பழுத்த இலைகள், அங்கே மேகமும் போலரைசரும் சேர்ந்தால் வெயில் கிட்டவே வராது. வெயிலில்தான் எடுக்கப்போகிறீர்கள் என்றால் எக்ஸ்போஷரை மூன்றில் இரண்டு ஸ்டாப் (ஒரு ஸ்டாப் குறைத்தால் வெளிச்சம் பாதியாகும்) குறைத்து, ரா ஃபைலாக (கேமரா திருத்தாமல் சேமிக்கும் கோப்பாக) எடுங்கள், ஃபிரேமில் எங்காவது வானத்தின் நீலம் விழுந்த ஒரு நிழலும் இருக்கட்டும்.