கரைந்துபோவதா, கைகோத்து நிற்பதா?

பெரம்பூரில் எங்கள் வீட்டு மர அலமாரியில் தட்டுகளுக்கு அடியில் அம்மா விரித்துவைத்தவை எல்லாம் தேர்தல் நோட்டீஸ்கள். மேல்தட்டில் 2006-ஆம் ஆண்டின் நோட்டீஸ்: மேலே கருணாநிதி படம், கீழே அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். அடுத்த தட்டில் 2011: மேலே ஜெயலலிதா படம், கீழே அதே அரிவாள் சுத்தியல் நட்சத்திரம். இரண்டு முறையும் பெரம்பூரில் வென்றது மார்க்சிஸ்ட் கட்சிதான். முதல் முறை அந்த அணிக்குப் பெயரே ஜனநாயக முற்போக்குக் கூட்டணி.

ஜனநாயகத்தின் பெயரால் கட்சிகள் சேரும்போது அவற்றுக்கு முன்னே இருக்கும் வழிகள் சிலவே. ஒன்று, தன்னைக் கலைத்துக்கொண்டு ஒரே கட்சியாவது. நெருக்கடி நிலை முடியும் தறுவாயில், 1977-இல் ஸ்தாபன காங்கிரஸ், ஜனசங்கம், பாரதிய லோக் தளம், சோஷலிஸ்டுகள் எல்லாம் சேர்ந்து ஜனதா கட்சி ஆனார்கள். ஜெகஜீவன் ராம் இந்திராவின் காங்கிரஸிலிருந்து தனியே வந்து 'ஜனநாயகத்துக்கான காங்கிரஸ்' தொடங்கி, தேர்தல் முடிந்ததும் அதையும் ஜனதாவில் இணைத்தார். அந்தச் சேர்க்கையில் பொய் இருந்ததாக நான் நினைக்கவில்லை. தலைவர்கள் சிறையிலிருந்து வந்தவர்கள். இங்கே சென்ட்ரல் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருந்த மத்திய சிறையில் அடிபட்ட தி.மு.க.வின் சிட்டிபாபு 1977 ஜனவரியில் இறந்தார். அந்த ஆண்டு தமிழ்நாட்டின் பெரும்பாலான தொகுதிகள் அ.தி.மு.க. – காங்கிரஸ் அணிக்குப் போனபோதும், வடசென்னை ஜனதாவோடு நின்ற தி.மு.க.வின் ஏ.வி.பி. ஆசைத்தம்பியை மக்களவைக்கு அனுப்பியது.

ஆனால் ஒரே கூரைக்கு வந்த பிறகு, பழைய வீட்டுச் சாவியை யாரும் தூக்கியெறியவில்லை. ஜனசங்கத்திலிருந்து வந்தவர்கள் ஜனதாவிலும் இருந்துகொண்டு ஆர்.எஸ்.எஸ்.ஸிலும் இருக்கலாமா என்ற இரட்டை உறுப்பினர் சண்டை கட்சியைப் பிளந்தது. 1979 ஜூலையில் பிரதமர் மொரார்ஜி தேசாய் பதவி விலகினார். மறு ஆண்டு ஜனசங்கத்தார் பா.ஜ.க.வாக வெளியேறினார்கள். ஆட்சியோடு கட்சியும் சிதறியது.

இன்னொரு வழி, அவரவர் கொடியோடு கைகோத்து நிற்பது. 1999 ஏப்ரலில் அ.தி.மு.க. விலகியதால் வாஜ்பாய் அரசு ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஆனால் தேசிய ஜனநாயகக் கூட்டணி கவிழவில்லை. சில மாதங்களில் தி.மு.க.வைச் சேர்த்துக்கொண்டு மறுபடி வென்றது. 2004-இல் அதே தி.மு.க. எதிரணி கட்டி, தமிழ்நாட்டின் 39 தொகுதிகளையும் அள்ளியது. கதவு திறந்தே இருப்பதால் கூட்டணி பிழைக்கிறது. என் ஓட்டு இந்த வழிக்குத்தான், அரைமனதோடு. திறந்த கதவு வழியாகத்தான் பொறுப்பும் நழுவிப் போகிறது: முதல் ஐந்தாண்டின் கணக்கை நான் கேட்க வேண்டிய கட்சி, அடுத்த நோட்டீஸில் வேறு தலைவரின் படத்துக்குக் கீழே வந்து நிற்கிறது.

மூன்றாவது வழி பெரிய கட்சியின் சின்னத்தை இரவல் வாங்குவது. பேச அதிகம் இல்லை. 2016-இல் மனிதநேய ஜனநாயகக் கட்சி நாகப்பட்டினத்தில் இரட்டை இலையில் வென்றது. 2021-இல் ம.தி.மு.க. உதயசூரியனில் நின்றது. பெயர்ப்பலகையில் தனிக் கட்சி, சட்டமன்றக் கணக்கில் சின்னத்துக்கு உரியவரின் கட்சி. கரைவதை முழுதாகவும் செய்யாமல், கைகோப்பதையும் முழுதாகச் செய்யாமல் நடக்கும் இந்த ஏற்பாடு எனக்குக் கொஞ்சமும் ஒப்பவில்லை. சின்னக் கட்சிக்கு வேறு போக்கிடம் இல்லை என்பார்கள். இருக்கலாம்.

போக்கிடம் தேடிப் பார்த்தவர்களும் உண்டு. மூன்றாம் தட்டில் 2016 நோட்டீஸ்: அதே அரிவாள் சுத்தியல் நட்சத்திரம், மேலே விஜயகாந்த் படம். இரண்டு பெரிய கட்சிகளும் வேண்டாம் என்று புறப்பட்ட மக்கள் நலக் கூட்டணிக்கு மாநிலத்தில் ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை. 2019-இல் மார்க்சிஸ்ட் கட்சி மறுபடி உதயசூரியனின் பக்கம் வந்தது. அணியின் பெயர் அப்போது மதச்சார்பற்ற முற்போக்குக் கூட்டணி ஆகியிருந்தது. 'ஜனநாயக' என்ற சொல் எப்போது உதிர்ந்தது என்று தெருவில் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.