கடலூர் கேஸுக்கு மதுரை ஸ்டே

கடலூர் மஞ்சக்குப்பம் கோர்ட்டில் கேஸ் இருக்கிறவர்கள் ஒரு நிமிஷம் நின்று படியுங்கள். 45,000 ரூபாயும் கொடுத்து, பிடிவாரண்டும் வாங்கிக்கொண்ட கதை.

திருவந்திபுரம் பக்கத்தில் எங்களுக்கும் சித்தப்பா வீட்டுக்கும் வரப்புத் தகராறு. நாலு தென்னை யார் பக்கம் என்பதுதான் விஷயமே. சர்வேயர் வந்து அளந்திருந்தால் தீர்ந்திருக்கும். 2023-ல் எஃப்.ஐ.ஆர் ஆகிவிட்டது: 294(பி), 323, 506(1), அதாவது ஆபாசமாகத் திட்டியது, அடித்தது, மிரட்டியது. பங்காளிச் சண்டை என்றாலே போடுகிற அதே மூன்று பிரிவுகள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் வரிசையில் ஏ1 நான், ஏ2 அம்மா, ஏ3 தம்பி. அவன் அன்றைக்குத் திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிஃப்டில் நின்றுகொண்டிருந்தான்.

சார்ஜ் ஷீட் காப்பியை ஜெராக்ஸ் எடுக்கும்போது பக்கத்தில் நின்ற ஒருவர் பேச்சுக் கொடுத்தார். "தம்பி ஊர்லயே இல்லையா? அப்ப ஹைகோர்ட்ல குவாஷ் பண்ணிடலாம்மா, ஒரே ஹியரிங்." குவாஷ் என்றால் கேஸையே ரத்து செய்வது. அவர் வக்கீல் இல்லை, புரோக்கர் என்பது பிறகுதான் தெரிந்தது. வக்காலத்தில் மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கினார். வக்கீல் பெயர் எழுத வேண்டிய இடம் காலியாக இருந்தது. பார்த்தேன், கேட்கவில்லை. கொடுத்த 45,000-க்கு ரசீதும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வாட்ஸ்அப்பில் ஒரு ஸ்டே (கேஸை நிறுத்தி வைக்கும்) உத்தரவின் போட்டோ. "ஸ்டே வந்தாச்சு, இனிமே வாய்தாவுக்குப் போக வேணாம்." போகவில்லை. மூன்றாவது வாய்தாவில் வாரண்ட். ராத்திரி ஏழரைக்கு ஏட்டு வந்து வாசலில் நின்று அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். அம்மா அரிசி களைந்துகொண்டிருந்தார். ஈரக்கையோடு அப்படியே வெளியே வந்து நின்றார்.

மறுநாள் இலவச சட்ட உதவிக்கு ஓடினேன். (பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் வக்கீல் இலவசம், 15100-க்கு போன் போட்டும் கேட்கலாம். இதை யாராவது அந்த ஜெராக்ஸ் கடையில் சொல்லியிருக்கலாம்.) போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்த வக்கீலம்மா, "கடலூர் கேஸுக்கு மதுரை பெஞ்ச் எப்படிம்மா ஸ்டே கொடுக்கும்?" என்றார். 2004-ல் வந்த ஹைகோர்ட்டின் மதுரைக் கிளை தென்மாவட்டங்களுக்கு. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் சென்னைதான். போட்டோவில் இருந்த க்ரிமினல் ஓ.பி. (ஹைகோர்ட் மனு) நம்பரை இ-கோர்ட்ஸ் என்கிற கோர்ட் வெப்சைட்டில் போட்டார். யாரோ ஒருவருடைய ஜாமீன் மனு வந்தது.

வாரண்டை ரீகால் (ரத்து) செய்த பிறகு அவர் சொன்னதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. தம்பி திருப்பூரில் இருந்தான் என்பதை ஹைகோர்ட் பொதுவாக இந்தக் கட்டத்தில் எடைபோடாதாம். அது கீழ்க்கோர்ட் விசாரணையில் காட்ட வேண்டிய சாட்சியம். புகாரில் உள்ளதை அப்படியே நம்பினாலும் குற்றம் ஆகவில்லை, அல்லது பழிவாங்கத்தான் கேஸ் போட்டிருக்கிறார்கள் என்று காட்ட முடிந்தால்தான் வழி. 1990-ல் உச்ச நீதிமன்றம் பஜன்லால் வழக்கில் இப்படி ஏழு வகை சொல்லியிருக்கிறதாம். குவாஷ் மனு போடுவது முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 482-வது பிரிவில், 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதில் வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 528-ல். மனு போட்டதாலேயே கீழே கேஸ் நின்றுவிடாது, ஸ்டே தனியாகக் கிடைக்க வேண்டும். "முடியும்னு கேரண்டி நான் தரமாட்டேன்" என்றார். அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் மேல் நம்பிக்கை வந்தது.

நிஜ மனுவுக்கு இப்போது நம்பர் ஆகிவிட்டது. இ-கோர்ட்ஸில் நானே பார்த்தேன், எங்கள் மூன்று பேர் பெயரும் இருக்கிறது. வாய்தாவுக்கும் தவறாமல் போகிறோம். அந்தப் புரோக்கரிடமிருந்து நேற்றுகூட காலை வணக்கம் படம் வந்தது. எஸ்.பி. ஆபீஸில் கொடுத்த புகாரோடு சேர்க்க அதையும் பிரிண்ட் போட்டு வைத்திருக்கிறேன்.