கையால செஞ்ச போன்சாய் தொட்டி வாங்கப் போறீங்களா, தண்ணி ஊத்திப் பாக்காம காசு குடுக்காதீங்க

போன வருஷம் ஒரு கண்காட்சியில கையால செஞ்ச ஓவல் தொட்டி ஒண்ணு 2,800 ரூபா குடுத்து வாங்கினேன். ஸ்டோன்வேர் (நல்லா சூடேத்தி கல்லு மாதிரி கெட்டியா சுட்ட மண்) மேடம், 1200 டிகிரிக்கு மேல சுட்டது, ஆயுசுக்கும் வரும்னு சொல்லித்தான் ஸ்டால்காரர் வித்தாரு. அடியில ரெண்டு பெரிய ஓட்டை இருந்துச்சு, அது போதும்னு நம்பிட்டேன், அங்கதான் ஏமாந்தேன்.

அதுல வச்சது எங்க அப்பா வீட்டு மொட்டை மாடி கைப்பிடிச் சுவர்ல முளைச்ச ஆலங்கன்னு. வீட்டை இடிக்கறதுக்கு முன்னாடி நானே வேரோட பேத்து எடுத்து 9 வருஷமா வளர்த்தது. ஐப்பசி மழை ஆரம்பிச்சு பத்து நாள்ல இலை மஞ்சளாகி கொட்டுச்சு, மண்ணுல சாக்கடை நாத்தம். எடுத்துப் பாத்தா வேரைப் பிடிச்சு லேசா இழுத்தாலே தோல் மட்டும் உறை மாதிரி கழண்டு கையோட வருது, உள்ள நூல் மாதிரி நரம்புதான் மிச்சம்.

காலி தொட்டியக் கழுவி தண்ணி ஊத்தினேன். ஓட்டை வழியா கொஞ்சம் போச்சு, மீதி நடுவுல அப்படியே குளம் கட்டி நிக்குது, ஸ்பாஞ்ச் வச்சு ஒத்தி எடுத்துப் பிழிஞ்சா ஒரு காபி டம்ளர் தண்ணி. சூளையில அடித்தட்டு நடுவுல தொங்கிடுச்சு, ஆனா ஓட்டை ரெண்டும் ஓரத்துல மேட்டுல இருக்கு. அது போதாதுன்னு ஓட்டைய கீழ இருந்து மேல குத்தியிருக்காங்க போல, உள்பக்கம் சுத்தியும் வரப்பு மாதிரி விளிம்பு நிக்குது, அதுமேல கிளேஸ் (கண்ணாடி மாதிரி வழவழப்பான பூச்சு) வேற. போன்சாய் தொட்டிக்கு பொதுவா உள்ள கிளேஸ் போடவே மாட்டாங்க. கால் நாலும் அவ்ளோ குட்டை, தரையில வச்சா ஓட்டை வாய் கிட்டத்தட்ட அடைஞ்சே போகுது. ஆழம் கம்மியான தொட்டியில எப்பவுமே அடி மண்ணு ஈரம் பிடிச்சு நிக்கும், அதுல இந்தக் குளமும் சேந்தா வேர் எப்படிப் பிழைக்கும்?

ஸ்டால்காரருக்கு போன் பண்ணினா "ஹேண்ட்மேட்னா அப்படித்தான் மேடம் இருக்கும், கொண்டாங்க நடுவுல ஓட்டை போட்டுத் தரேன்"னு சொல்லி அதுக்கும் 400 ரூபா வாங்கினாரு. ஓட்டை போட்டு வந்துச்சு. விரலால தட்டிப் பாத்தேன், முன்ன கணீர்னு கேட்டது இப்ப டொப்புனு கேக்குது. கவுத்து நகத்தால சுரண்டினா பெயிண்ட் உரியுது, அடியில எம்சீல் (விரிசல் அடைக்கற பசை), எம்சீலுக்குக் கீழ ஓட்டையில இருந்து விளிம்பு வரைக்கும் விரிசல். சுவர்ல ஓட்டை போடற ஹேமர் மோடுல போட்டிருக்காங்க. கேட்டதுக்கு நீங்கதான் கீழ போட்டீங்கன்னு சொல்லிட்டாரு, அதுக்கப்புறம் போனே எடுக்கல.

இதே மாதிரி தொட்டி வீட்ல இருக்கறவங்க தயவுசெஞ்சு ஹேமர் டிரில்ல கிட்ட விடாதீங்க. டைமண்ட் கோர் பிட் (நுனியில வைரத்தூள் பதிச்ச, குழாய் மாதிரி இருக்கற டிரில் பிட்) 10 இல்ல 12 எம்எம் வாங்குங்க, தொட்டிய ஈர மணல் மேல வச்சு, தண்ணி எங்க தேங்குதோ அந்த எடத்துல, கொஞ்சம் தண்ணி விட்டுக்கிட்டே, ஹேமர ஆஃப் பண்ணிட்டு மெதுவா சுத்த விடுங்க, அழுத்தவே கூடாது. கடைசி நேரத்துலதான் அடிப்பக்கம் செதில் பேரும், அதனால அங்க முன்னாடியே டேப் ஒட்டிடுங்க. என் இன்னொரு தொட்டிய இப்படித்தான் சரி பண்ணேன், சின்னக் கீறல்கூட இல்ல. உள்விளிம்ப சாணைக்கல்லால தேய்க்கும்போதும் ஈரமாவே தேய்ங்க, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆகாது, மாஸ்க் போட்டுக்கோங்க. கால் குட்டைன்னா டைல்ஸ் துண்டு முட்டுக் குடுங்க. அடியில ஜல்லி போட்டா சரியாயிடும்னு சொல்றத நம்பாதீங்க, மண்ணுக்கு இருக்கற ஆழம்தான் குறையும், குளம் அப்படியேதான் நிக்கும். உடனே ஒண்ணும் பண்ண முடியலன்னா மழை விடுற வரைக்கும் ஒரு பக்கம் கட்டை வச்சு சாய்ச்சு வைங்க, தண்ணி ஓட்டைப் பக்கம் இறங்கும்.

மரத்துல வலது பக்கக் கிளை மூணும் போச்சு. அழுகின வேர வெட்டிட்டு செங்கல் ஜல்லி நெறைய கலந்து பிளாஸ்டிக் கூடையில வச்சிருக்கேன், அடிமரத்துல ரெண்டு எடத்துல துளிர் வந்திருக்கு. அந்த ஆள் இந்த வருஷமும் ஸ்டால் போட்டிருக்காரு, அதே ஓவல் தொட்டிதான் அடுக்கியிருக்கு. கண்காட்சிக்குப் போறவங்க கையில ஒரு பாட்டில் தண்ணி எடுத்துட்டுப் போங்க.