திருப்பூர் சாயப்பட்டறைக்கு எது தோது: சொந்த சுத்திகரிப்பா, பொது நிலையமா?

2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவுநீர்கூட நொய்யல் ஆற்றுக்குப் போகக்கூடாது. வழி இரண்டுதான்: சொந்தச் சுத்திகரிப்பு நிலையம், இல்லையென்றால் பல பட்டறைகளுக்கும் சேர்த்து ஒரு பொது நிலையம்.

சொந்த நிலையம் என்றால் சமன்படுத்தும் தொட்டி, உயிரியல் சுத்திகரிப்பு, வடிகட்டி, ஆர்.ஓ. (சவ்வு வழியே உப்பைப் பிரிக்கும் கருவி), கடைசியில் ஆவியாக்கி எல்லாமே உங்கள் தலையில். பணத்தைத் தின்பது ஆவியாக்கிதான், ஆர்.ஓ. ஒதுக்கும் உப்புநீரைக் காய்ச்ச விறகோ மின்சாரமோ ஓயாமல் வேண்டும். லாபம்: எந்தச் சாயம், எவ்வளவு உப்பு என்று உங்களுக்கே தெரியும். மீட்ட தண்ணீரும் உப்புக் கரைசலும் அடுத்த சாயத்துக்கே திரும்பும்.

பொது நிலையத்தில் முதலீடு பங்காகப் பிரியும், ஆள் வைக்கும் தொல்லை குறைவு. ஆனால் ஒதுக்கிய அளவுக்கு மேல் அனுப்ப முடியாது, மீட்டர் காட்டிக்கொடுக்கும். யாரோ ஒருவர் துணியை மென்மையாக்கும் சிலிக்கோன் சாஃப்ட்னரைக் கொட்டினால் ஆர்.ஓ. சவ்வு அடைபடும், எல்லோருக்கும் வரத்து நிற்கும்.

தினமும் பல லட்சம் லிட்டர் ஓடினால் சொந்தம். சிறு பட்டறைக்குப் பொது நிலையம்தான் கட்டுப்படி.

எதில் சேர்ந்தாலும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவாணை உங்களுக்குத் தனியாக வேண்டும். மழைநீரும் உங்கள் பொறுப்பே. கூரைத் தண்ணீரைத் தனிக் குழாயில் வெளியேற்றுங்கள். உப்பு மூட்டை, சாய டிரம், கசடு மூன்றையும் கூரைக்கடியில், திண்டு கட்டி வையுங்கள். முற்றத்தில் சிந்தியதை மழை அடித்துப்போய் வடிகாலில் நிறம் தெரிந்தால், உள்ளே ஆவியாக்கி ஓடுகிறது என்பது சாக்காகாது.